கம்பெனி சர்வீஸா, வெளி மெக்கானிக்கா? வேலையைப் பொறுத்தது

ஆயில் மாற்றுவது ஒரு வேலை. ஏர்பேக் விளக்கு ஏன் எரிகிறது என்று பார்ப்பது வேறு வேலை. பள்ளத்தில் இறங்கும்போது முன்பக்கம் கேட்கும் 'கடக் கடக்' எங்கிருந்து வருகிறது என்று தேடுவது இன்னொன்று. மூன்றுக்கும் ஒரே இடத்தில்தான் வண்டியை விடுவேன் என்று பிடிவாதம் பிடிப்பவர்கள் ஏதாவது ஒன்றில் ஏமாறுகிறார்கள். கம்பெனி சர்வீஸ் என்றாலே கொள்ளை என்பவர்களும் சரி, வெளி ஆள் கை வைத்தால் வண்டி போச்சு என்பவர்களும் சரி, சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி எந்த வேலைக்கு என்பதைப் பிரித்துக்கொண்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

பிரிப்பதற்கு மூன்று கேள்விகள் போதும். இந்த வேலைக்குத் தயாரிப்பாளரின் கம்ப்யூட்டர் வேண்டுமா? இதன் செலவை வாரன்டியோ ரீகாலோ (கோளாறுள்ள வண்டிகளைத் தயாரிப்பாளரே திரும்ப அழைத்துச் சரிசெய்து தருவது) ஏற்குமா? இதற்கு வேண்டியது கையேட்டில் எழுதியிருக்கும் நடைமுறையா, நின்று நிதானமாகத் தேடிப் பார்க்கும் ஆளா? முதல் இரண்டில் ஏதாவது ஒன்றுக்கு 'ஆமாம்' என்றால் கம்பெனி. தேடிப் பார்க்கும் ஆள்தான் வேண்டும் என்றால் நல்ல வெளி மெக்கானிக். மூன்றிலும் அடங்காத சாதா வேலையை எங்கே வேண்டுமானாலும் செய்யலாம். அங்கே முக்கியம் யார் செய்கிறார், எதைப் போடுகிறார் என்பதுதான்.

வாரன்டி என்ற பயம்

வெளியே ஒருமுறை ஆயில் மாற்றினாலே வாரன்டி மொத்தமும் போய்விடும் என்று சர்வீஸ் கவுன்ட்டரில் சொல்வார்கள். சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். அமெரிக்காவில் 1975-இல் வந்த மேக்னசன்-மாஸ் சட்டப்படி, தன் பிராண்டு பாகத்தையோ தன் சர்வீஸையோ பயன்படுத்தினால்தான் வாரன்டி என்று தயாரிப்பாளர் பொதுவாக நிபந்தனை போட முடியாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010-ஆம் ஆண்டு விதிமுறையும் வெளி ஒர்க்‌ஷாப்புகளுக்குச் சாதகமானது. இந்தியாவில் போட்டி ஆணையம் 2014-இல் 14 கார் நிறுவனங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஸ்பேர் பாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தார்கள் என்பதுதான் வழக்கு.

சட்டம் இருக்கட்டும். நடைமுறையில் வாரன்டி கோரிக்கை அடிபடுவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால்: சர்வீஸ் செய்ததற்கு ஆதாரம் இல்லை, அல்லது தவறான ஆயிலோ திரவமோ போட்டிருக்கிறார்கள். இரண்டுமே வெளியே செய்யும்போது எளிதாக நடப்பவை. பில்லில் 'ஆயில் சர்வீஸ்' என்று ஒரே வரி இருந்தால் அதை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. தேதி, ஓடிய கிலோமீட்டர், ஆயிலின் தரம், எத்தனை லிட்டர், ஃபில்டரின் பார்ட் நம்பர், சேசிஸ் நம்பர் ஆகிய ஆறும் இருக்க வேண்டும். காலி கேனின் லேபிளை ஓடோமீட்டர் பக்கத்தில் வைத்து ஒரு போட்டோ எடுத்து வைத்தால் இன்னும் பலம்.

இதையெல்லாம் சொன்ன பிறகும், வாரன்டி காலத்தில் கம்பெனிக்குப் போவதே சரி என்பது என் கருத்து. சட்டத்துக்குப் பயந்து அல்ல. ஒரே மாடலில் பல வண்டிகளில் ஒரே கோளாறு வந்தால், அதை எப்படிச் சரிசெய்வது என்று தயாரிப்பாளர் தன் சர்வீஸ் நிலையங்களுக்கு உள் சுற்றறிக்கை அனுப்புவார். சில சமயம் மாற்றி வடிவமைத்த பாகம் வரும், சில சமயம் வெறும் சாஃப்ட்வேர் அப்டேட்டில் முடியும். வெளி மெக்கானிக் அதே கோளாறுக்கு இரண்டு சென்சார் மாற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார். அதோடு, வாரன்டி முடிந்து சில வாரங்களில் கியர்பாக்ஸ் போனால், சர்வீஸ் வரலாறு முழுக்கத் தங்களிடம் இருக்கும் வண்டிக்குத் தயாரிப்பாளர் செலவில் ஒரு பங்கை ஏற்பதுண்டு. அது உரிமை இல்லை, சலுகைதான். ஆனால் கேட்பதற்கு முகாந்திரம் வேண்டுமல்லவா. நீட்டித்த வாரன்டி வாங்கியிருந்தால் அதன் நிபந்தனைகளைத் தனியாகப் படியுங்கள். புது வண்டி வாரன்டிக்கு உள்ள சட்டப் பாதுகாப்பு அதற்கும் அப்படியே இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

ரீகால் என்றால் யோசிக்கவே வேண்டாம். டகாட்டா ஏர்பேக் விவகாரம் நல்ல எடுத்துக்காட்டு. ஏர்பேக்கை ஊதவைக்கும் அதன் இன்ஃப்ளேட்டருக்குள் இருந்த அம்மோனியம் நைட்ரேட் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் பல ஆண்டுகள் இருந்து சிதைந்து, ஏர்பேக் விரியும்போது உலோக உறையையே வெடித்துச் சிதறடித்தது. அதைத் தயாரிப்பாளர் செலவில் மாற்றித் தருகிறார்கள். வண்டி எவ்வளவு பழையதானாலும், கைமாறி வந்ததானாலும், 17 எழுத்து சேசிஸ் நம்பரைத் தயாரிப்பாளரின் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். பழைய வண்டியை வெளியிலேயே சர்வீஸ் செய்பவர்களுக்கு ரீகால் அறிவிப்பு போய்ச் சேராமலே இருந்துவிடுவது சகஜம்.

உங்கள் வண்டியில் கை வைப்பது யார்

கம்பெனி சர்வீஸில் நீங்கள் பேசுவது சர்வீஸ் அட்வைசரிடம். அவர் மெக்கானிக் இல்லை; பல இடங்களில் பில் தொகையைப் பொறுத்து அவருக்கு ஊக்கத்தொகை உண்டு. வண்டியைத் தொடுபவர் உள்ளே இருக்கிறார். அவருக்கும் பல இடங்களில் கணக்கு மணிக்கு அல்ல, வேலைக்கு. ஒவ்வொரு வேலைக்கும் கையேட்டில் இத்தனை நேரம் என்று போட்டிருக்கும். முன் பிரேக் பேடுக்கு ஒரு மணி நேரம் என்று இருந்தால், நாற்பது நிமிடத்தில் முடித்தாலும் ஒரு மணி நேரக் கூலி. இரண்டு மணி நேரம் ஆனாலும் அதே கூலி. அடிக்கடி செய்து பழகிய வேலையில் இந்த முறை நன்றாகவே ஓடும். எங்கோ வரும் சத்தத்தைத் தேடுகிற வேலையில் இது தலைகீழாகிவிடும். தேடும் நேரத்துக்கு யாரும் கூலி தரமாட்டார்கள். ஆகவே சந்தேகப்படும் பாகத்தை மாற்றிப் பார்த்துவிடுவதே அவருக்குக் கட்டுப்படியாகும்.

இன்னொன்று: அங்கே ஆயில் சர்வீஸ் பெரும்பாலும் புதிதாகச் சேர்ந்தவர் கையில் போகும். கைதேர்ந்தவர்கள் என்ஜின், கியர்பாக்ஸ், மின்னணு வேலைகளில் இருப்பார்கள். வெளி ஒர்க்‌ஷாப்பில் சத்தத்தைக் கேட்டவரே வண்டியை ஓட்டிப் பார்த்து, அவரே அடியில் படுத்து, அவரே போல்டை இறுக்குவார். இடையில் செய்தி திரிவதற்கு ஆள் கிடையாது. வெளி மெக்கானிக்கின் உண்மையான பலம் இதுதான். பில் குறைவது அடுத்ததுதான்.

ஆயில் மாற்றுவதில் என்னதான் கெட்டுப்போகும்

எளிதான வேலை என்று எல்லாரும் நினைப்பதால் இரண்டு இடத்திலும் அதிகம் கெடுவது இதுவே. சரியான முறை இப்படி: என்ஜின் இளஞ்சூட்டில் இருக்க வேண்டும், வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். ஆயிலை வடிக்கும் டிரெயின் போல்டைக் கழற்றி, தாரை சொட்டாகும்வரை பத்து நிமிடமாவது வடியவிட வேண்டும். போல்டுக்கு அடியில் இருக்கும் செம்பு அல்லது அலுமினிய வாஷர் ஒருமுறை நசுங்கியதும் அதன் வேலை முடிந்தது. புதிது போட வேண்டும். பழைய வாஷரையே போட்டால் கசியும். கசிவை நிறுத்த அடுத்த முறை இன்னும் இறுக்குவார்கள். பல கார்களில் ஆயில் சம்ப் (என்ஜினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) அலுமினியம், போல்டு இரும்பு. இரண்டு மூன்று சர்வீஸில் சம்பின் மரை உரிந்து போல்டோடு வந்துவிடும். பெரும்பாலான கார்களில் அந்தப் போல்டுக்குச் சொல்லியிருக்கும் இறுக்கம் 25 முதல் 45 நியூட்டன் மீட்டருக்குள்தான். நீளமான ஸ்பேனரில் ஒரு கை அழுத்தினாலே தாண்டிவிடும். காசு மிச்சம் பிடிப்பதாக நினைத்து வாஷரை விட்டவர் கடைசியில் சம்புக்குப் பில் போடுவார்.

வெளியில் திருகி மாட்டும் வகை ஃபில்டர் என்றால் புதிய ரப்பர் வளையத்தில் ஆயில் தடவி, ரப்பர் தொட்ட பிறகு முக்கால் சுற்று, கையால் மட்டும். உள்ளே வைக்கும் காகித வகை என்றால் மூடியின் ஓ-ரிங்கையும் மாற்ற வேண்டும்; மூடியின் மேலேயே இறுக்கம் எவ்வளவு என்று அச்சிட்டிருக்கும், பெரும்பாலும் 25 நியூட்டன் மீட்டர். அதைப் படிக்காமல் முறுக்கிப் பிளாஸ்டிக் மூடியில் விரிசல் விடுவது அன்றாடம் நடப்பது.

ஊற்றும்போது, சொல்லியிருக்கும் அளவைவிட 300 மில்லி குறைவாக ஊற்றி, என்ஜினை ஓட்டி, ஆயில் விளக்கு அணைவதைப் பார்த்து, நிறுத்தி, ஐந்து நிமிடம் கழித்து அளவுக் கம்பியைப் பார்த்து மிச்சத்தைச் சேர்க்க வேண்டும். கம்பியில் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் இடையே பல கார்களில் ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். மேல்கோட்டைத் தாண்டி ஊற்றினால் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலை அடித்து நுரையாக்கிவிடும். நுரையைப் பம்ப் இழுத்தால் பேரிங்குக்கு அழுத்தம் கிடைக்காது. டிரம்மிலிருந்து குழாய் துப்பாக்கியில் ஆயில் நிரப்பும் இடங்களில், 3.6 லிட்டர் கேட்கும் என்ஜினுக்கு நான்காக முழுக்கணக்கில் போட்டுவிடுவது உண்டு. வண்டியை எடுத்ததும் கம்பியை இழுத்துப் பார்ப்பதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.

ஆயிலின் தரத்தில் வெளி மெக்கானிக்குகள் சிலருக்கு ஒரு மூடநம்பிக்கை உண்டு: தடித்த ஆயில் என்ஜினைக் காப்பாற்றும் என்பது. 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஆயில் கேட்கும் என்ஜினில் எண்ணெய் ஓடும் இடைவெளிகளும், வால்வு டைமிங்கை மாற்றும் அமைப்பின் சின்னத் துளைகளும் அதற்கென்றே அளவெடுத்தவை. கெட்டியானதை ஊற்றினால் குளிர்ந்த என்ஜின் கிளம்பும்போது மேலே ஆயில் போய்ச் சேர நேரம் பிடிக்கும். டீசலில் இன்னும் மோசம். புகைக்குழாயில் துகள் வடிகட்டி உள்ள டீசல் வண்டிக்கு சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும். கேனில் 'ஏசிஇஏ சி3' போன்ற குறியீடு இருக்கும். வடிகட்டியில் சேரும் கரியை வண்டியே எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும், ஆனால் ஆயிலிலிருந்து வரும் சாம்பல் எரியாது. சேர்ந்துகொண்டே போய் ஒருநாள் வடிகட்டியையே மாற்ற வைக்கும். சில சிறிய பெட்ரோல் என்ஜின்களில் வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயக்கும் டைமிங் பெல்ட்டே ஆயிலில் ஊறி ஓடுகிறது. அங்கே தவறான ஆயில் பெல்ட் ரப்பரை ஊதவைத்து, உதிர்ந்த துணுக்குகள் ஆயில் பம்பின் சல்லடையை அடைக்கும். ஆகவே 'நல்ல ஆயில் போடுங்க' என்று சொல்லாதீர்கள். கையேட்டில் இருக்கும் குறியீட்டை எழுதிக் கொடுங்கள்.

மோட்டார் சைக்கிள்காரர்களுக்கு இடையில் ஒரு வார்த்தை: கிளட்ச் ஆயிலிலேயே மிதக்கும் வண்டிகளுக்கு ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று போட்ட ஆயில்தான். கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருட்கள் கிளட்சை வழுக்கவைக்கும்.

பெட்டியில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும்

கார் கம்பெனிகள் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், பேரிங், பிரேக் பேடை எல்லாம் தாங்களே செய்வதில்லை. பாஷ், டென்ஸோ, மாலே, வாலியோ, என்ஜிகே, ஐசின் போன்றவர்கள் செய்து தருகிறார்கள். அதே தொழிற்சாலையிலிருந்து வரும் பாகம், கார் கம்பெனியின் பெட்டியில் ஒரு விலைக்கும், செய்தவரின் சொந்தப் பெட்டியில் குறைந்த விலைக்கும் விற்கும். வெளி மெக்கானிக்கிடம் போவதில் நியாயமான லாபம் இங்கேதான். பழைய பாகத்தைக் கழற்றியதும் அதில் பொறித்திருக்கும் பெயரைப் பாருங்கள். யார் செய்தது என்று அதுவே சொல்லும்.

அதற்குக் கீழே, பொருந்தும், ஆனால் பாதி நாள்கூட உழைக்காத பாகங்கள். அதற்கும் கீழே, பெரிய பெயரின் பெட்டியையே அச்சடித்த போலிகள். போலி ஆயில் ஃபில்டரில் ஆயில் திரும்ப வடியாமல் தடுக்கும் ரப்பர் வால்வு ஒழுங்காக இருக்காது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் இரண்டு மூன்று விநாடி என்ஜின் 'டக டக' என்று அடித்தால் அதைச் சந்தேகிக்கலாம். பிரேக், ஸ்டியரிங், டைமிங் பெல்ட், ஏர்பேக் நான்கிலும் பெட்டி விஷயத்தில் தாராளம் காட்டக்கூடாது. டைமிங் பெல்ட்டை மட்டும் மாற்றி, அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனரையும் தாங்கி ஓட்டும் ஐட்லரையும் விட்டுவிடுவது அரைகுறை வேலை. பெல்ட் ஓட்டும் வாட்டர் பம்பாக இருந்தால் அதையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பம்ப் பேரிங் பாதியில் இறுகினால் புது பெல்ட்டும் அறும். வால்வும் பிஸ்டனும் ஒன்றன் பாதையில் ஒன்று வரும் வகை என்ஜினில் வால்வுகள் வளையும். இந்த வேலையை வெளியே கொடுக்கலாம்தான், ஆனால் பெல்ட் மாற்றும்போது என்ஜின் சுற்றாமல் பிடிக்கும், அந்த என்ஜினுக்குரிய பூட்டும் கருவி அவரிடம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு. பெயின்ட் புள்ளி வைத்துப் பெல்ட் மாற்றுபவரிடம் வேண்டாம்.

கம்ப்யூட்டர் தொடங்கும் இடம்

கையில் வைத்திருக்கும் சின்ன ஸ்கேனர் பெரும்பாலான வண்டிகளில் என்ஜின் கோடுகளை, அதாவது பழுதைக் குறிக்கும் குறியீட்டு எண்களை, படிக்கும். ஸ்கேனரைச் செருகும் 16 முனை ஓபிடி சாக்கெட் அமெரிக்காவில் 1996 மாடல்களிலிருந்தும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001-இலிருந்தும் கட்டாயமானது. அது பொது மொழி. ஏபிஎஸ், ஏர்பேக், ஸ்டியரிங், சாவி, கதவு ஆகியவற்றின் கன்ட்ரோல் யூனிட்டுகளோடு பேசத் தயாரிப்பாளரின் சொந்த மென்பொருளோ, அதற்கு ஈடான விலை உயர்ந்த ஸ்கேனரோ வேண்டும். புதிய சாவியைப் பதிவது, கன்ட்ரோல் யூனிட் மாற்றினால் வண்டியோடு இணைப்பது, சாஃப்ட்வேர் அப்டேட் எல்லாம் பெரும்பாலும் கம்பெனியில்தான் முடியும். புதிய வண்டிகள் சிலவற்றில் கோடு அழிப்பதற்கே ஆன்லைன் அனுமதி கேட்கிறது.

மெக்கானிக்கல் வேலைபோலத் தெரிந்து உள்ளே கம்ப்யூட்டர் ஒளிந்திருக்கும் வேலைகளில்தான் சேதம் அதிகம். பின் பிரேக் பேடை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டன் ஹேண்ட்பிரேக் உள்ள வண்டியில் பின் காலிப்பரில் (பேடை டிஸ்கின் மேல் அழுத்தும் அமைப்பு) ஒரு மோட்டார் இருக்கிறது. அது திருகுத்தண்டைச் சுழற்றி பிஸ்டனைத் தள்ளுகிறது. பேட் மாற்றும் முன் வண்டியைச் சர்வீஸ் மோடில் போட்டு அந்தத் தண்டைப் பின்னால் இழுக்க வேண்டும். பழக்கதோஷத்தில் கிளாம்ப் வைத்து பிஸ்டனை அமுக்குபவர் திருகையும் கியரையும் உடைத்துவிடுவார். பேட் மாற்றப் போன வண்டி காலிப்பர் மாற்றித் திரும்பும். கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: 'பின் காலிப்பரை எப்படிப் பின்னால் தள்ளுவீர்கள்?' ஸ்கேனரில் என்றோ, அந்த மாடலில் பட்டனும் பெடலும் வைத்துச் செய்யும் முறையைச் சொல்லியோ பதில் வந்தால் வண்டியைக் கொடுக்கலாம்.

இதே வகையில் இன்னும் சில. சிக்னலில் தானே நின்று தானே கிளம்பும் வண்டிகள் பலவற்றில் புது பேட்டரியைக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். பதியாவிட்டால் பழைய பேட்டரிக்குரிய மாதிரியே சார்ஜ் செய்து புதியதன் ஆயுளைக் குறைக்கும். அந்த இடத்தில் சாதா பேட்டரி வைப்பதும் தவறு. வீல் அலைன்மென்ட் செய்த பின் ஸ்டியரிங் கோண சென்சாரைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். முன் கண்ணாடியில் கேமரா உள்ள வண்டிக்குக் கண்ணாடி மாற்றினால் கேமராவை அளவுப் பலகை வைத்தோ, ஓட்டியோ மறுபடி நேர்செய்ய வேண்டும். செய்யாவிட்டால் தானாகப் பிரேக் பிடிக்கும் வசதி எங்கே பார்க்கிறது என்று யாருக்கும் தெரியாது.

கோடு வந்துவிட்டால் பழுது தெரிந்துவிட்டது என்று பொருள் இல்லை. பி0171 என்றால் கலவையில் எரிபொருள் குறைவு, அவ்வளவுதான். அதைப் பார்த்தவுடன் ஆக்ஸிஜன் சென்சாரை மாற்றுபவர் கம்பெனியிலும் உண்டு, வெளியிலும் உண்டு. தெரிந்தவர் ஃபியூயல் டிரிம் எண்ணை, அதாவது கம்ப்யூட்டர் எரிபொருளை எத்தனை சதவீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்பதை, பார்ப்பார். ஐடிலில் 20 சதவீதத்துக்கு மேல் கூட்டிக்கொண்டிருந்து, நிமிடத்துக்கு 2,500 சுற்றில் இயல்புக்கு இறங்கினால் எங்கோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது. ஹோஸையும் கேஸ்கெட்டையும் தேட வேண்டும். சுற்று ஏற ஏற எண்ணும் ஏறினால் எரிபொருள் அழுத்தத்தையும் காற்று அளக்கும் சென்சாரையும் பார்க்க வேண்டும். கோடை அழித்துவிட்டு 'பார்க்கலாம், திரும்ப வந்தால் வாங்க' என்று அனுப்புவது மோசமான பழக்கம். கோடு விழுந்த நொடியில் வேகம், சூடு, சுமை எவ்வளவு என்று பதிந்து வைத்திருக்கும் தகவலும் அதோடு அழிந்துவிடும்.

மாற்றுவதா, ரிப்பேர் செய்வதா

கம்பெனியில் ஆல்டர்னேட்டர் போனால் புது ஆல்டர்னேட்டர். வெளியே அதைப் பிரித்து, தேய்ந்த கார்பன் பிரஷையும் ரெகுலேட்டரையும் இரண்டு பேரிங்கையும் மாற்றித் தருவார்கள். ஸ்டார்டர் 'டிக்' என்று மட்டும் சொன்னால் பல நேரம் சோலனாய்டுக்குள் இருக்கும் செம்புத் தொடுமுனை தேய்ந்ததுதான். ஏசி கம்ப்ரஸரில் சத்தம் என்றால் கிளட்ச் பேரிங் மட்டும் போயிருக்கலாம். சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மில் புஷ் (ரப்பர் உருளை) கிழிந்தால் கம்பெனி ஆர்ம் முழுவதையும் மாற்றும். பிரஸ் உள்ள ஒர்க்‌ஷாப் புஷ்ஷை மட்டும் மாற்றும். கம்பெனியைக் குறை சொல்லவும் முடியாது: பிரித்துச் செய்த வேலைக்கு அவர்களால் உத்தரவாதம் தர முடியாது, அதற்கு உள் பாகமும் தனியாக வராது. ஏழெட்டு வருடம் ஓடிய வண்டிக்கு வெளி ரிப்பேர்தான் அறிவான வழி. அதில் ஒரு நுணுக்கம்: ஆர்மில் புஷ் மாற்றியபின் வண்டி தன் எடையில் சக்கரத்தின் மேல் நிற்கும்போதுதான் அந்தப் போல்டைக் கடைசியாக இறுக்க வேண்டும். தூக்கி நிறுத்தியபடியே இறுக்கினால் ரப்பர் முறுக்கிய நிலையிலேயே இருந்து சில மாதங்களில் கிழிந்துவிடும்.

ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு இந்தத் தாராளம் செல்லாது. பல்சக்கரத்துக்குப் பதில் பெல்ட்டில் ஓடும் சிவிடி-யில் அதற்குரிய திரவம் இல்லாமல் பொதுவான ஆயிலை ஊற்றினால் உலோக பெல்ட் வழுக்கும். 'ஆயுள் முழுக்க மாற்ற வேண்டாம்' என்று கார் கையேடு சொல்லும் கியர்பாக்ஸுக்கே, அதைச் செய்யும் இசட்எஃப் நிறுவனம் 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் ஆயில் மாற்றச் சொல்கிறது. அளவு பார்ப்பதும் குறிப்பிட்ட சூட்டில், என்ஜின் ஓடும்போது. ஸ்கேனரில் ஆயில் சூட்டைப் பார்க்காமல் நிரப்புபவர் குறைவாகவோ கூடுதலாகவோதான் நிரப்புவார்.

ஹைபிரிட், மின்சார வண்டி என்றால் ஆரஞ்சு நிற ஒயரைத் தொடும் வேலை எதையும், உயர் மின்னழுத்தப் பயிற்சியும் 1,000 வோல்ட் கையுறையும் உள்ளவரிடம் மட்டும். பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை இழுத்த பிறகும் கெபாசிட்டர் வடியக் கையேடு சொல்லும் நிமிடங்கள் காத்திருந்து, மீட்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் கை வைக்க வேண்டும். ஏசி-கூட அங்கே சாதாரணம் இல்லை. மின் கம்ப்ரஸருக்கு மின்சாரம் கடத்தாத தனி ஆயில். சாதா கார் ஏசிக்கு ஊற்றும் பிஏஜி ஆயில் கொஞ்சம் கலந்தாலே மின்காப்பு குறைந்து வண்டி கிளம்ப மறுக்கும். டயர், வைப்பர், கேபின் ஃபில்டர், பிரேக் பேட் ஆகியவற்றை வெளியே பார்க்கலாம்.

ஜாப் கார்டில் எதை அடிப்பது

கம்பெனிக்குப் போகும்போது வண்டியோடு வந்த கையேட்டின் அட்டவணையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சர்வீஸ் நிலையம் தானே தயாரித்த 'பரிந்துரை' பட்டியல் வேறு. பிரேக் திரவம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை என்றால் ஒப்புக்கொள்ளுங்கள். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ்வரை தாங்க வேண்டும் என்பது தரவிதி; 3.7 சதவீதம் ஈரம் ஏறியபின் கேட்கும் அளவு 155 தான். நீண்ட இறக்கத்தில் திரவம் கொதித்து ஆவியானால் பெடல் தரையில் போய் நிற்கும். கூலன்டும் அட்டவணைப்படி, அதன் நிறத்தை நம்ப வேண்டாம், நிறத்துக்குப் பொது விதி கிடையாது. வெவ்வேறு வகையைக் கலந்தால் துருத்தடுப்பு கெடும், சில சேர்க்கைகள் கூழாகி ரேடியேட்டரை அடைக்கும்.

என்ஜின் ஃபிளஷ், ஒவ்வொரு சர்வீஸிலும் இன்ஜெக்டர் கிளீனிங், ஏசி கிருமிநாசினி, புதிதாக ஓடும் வண்டிக்கு த்ராட்டில் சுத்தம்: ஜாப் கார்டில், அதாவது செய்யப்போகும் வேலைகளின் பட்டியலில், இவற்றை அடித்துவிடலாம். நேரடி இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் என்ஜினுக்கு இன்டேக் வால்வுக் கரி போகும் என்று டேங்கில் ஊற்றும் பாட்டிலை விற்பவரிடம், சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் பெட்ரோல் அந்த வால்வின் மேல் படவே படாதே என்று கேட்டுப் பாருங்கள். கையெழுத்துப் போடும் முன் 'பட்டியலில் இல்லாத எந்த வேலைக்கும் போன் செய்து ஒப்புதல் வாங்க வேண்டும், கழற்றிய பாகங்களைத் தர வேண்டும்' என்று எழுதச் சொல்லுங்கள். வெளி மெக்கானிக்கிடமும் இதே வரிதான்.

புது மெக்கானிக்கைப் பரீட்சை பார்க்கச் சின்ன வேலையாகக் கொடுங்கள், பிரேக் பேட் மாதிரி. பேடை மட்டும் மாற்றினாரா, காலிப்பர் நழுவும் பின்களைக் கழற்றிச் சுத்தம் செய்து அதற்குரிய கிரீஸ் வைத்தாரா, டிஸ்கின் கனத்தை அளந்தாரா, சக்கர நட்டை டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) முடித்தாரா என்று பாருங்கள். ஏர் கன்னை வைத்து அலறவிட்டுச் சக்கரம் மாட்டுபவர் போல்டை நீட்டிவிடுவார். தேடும் நேரத்துக்குத் தனியாகக் கூலி கேட்கும் மெக்கானிக்கைக் கண்டால் விடாதீர்கள். பாகத்தை விற்றுத்தான் சம்பாதிக்க வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை.

எங்கே சர்வீஸ் செய்தாலும், சக்கரம் கழற்றியிருந்தால் 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நட்டுகளின் இறுக்கத்தை மறுபடி பார்க்க வேண்டும். வண்டி வந்த அன்று இரவு என்ஜினுக்கு அடியில் பெரிய அட்டை ஒன்றை விரித்து வையுங்கள். காலையில் வெறும் தண்ணீர்ச் சொட்டு என்றால் ஏசி வடிந்தது. பழுப்பு அல்லது கறுப்பு என்றால் என்ஜின் ஆயில். டிரெயின் போல்டையும் ஃபில்டரையும் பார்க்கச் சொல்லித் திருப்பி அனுப்புங்கள். சிவப்பு வழவழப்பு என்றால் பெரும்பாலும் கியர்பாக்ஸ் அல்லது பவர் ஸ்டியரிங். பளிச்சென்ற நிறத்தில் பிசுபிசுத்து, இனிப்பு வாசம் அடித்தால் கூலன்ட். சக்கரத்தின் உள்பக்கம் இளமஞ்சளாக வழுக்கும் ஈரம் தெரிந்தால் அது பிரேக் திரவமாக இருக்கலாம். அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள், செய்தவரை வரச் சொல்லுங்கள்.